பனந்துண்டுக்கு இந்தப் பக்கம்

கொரட்டூர் ஏரிக்கரையில் விடிந்தும் விடியாத நேரத்தில் மூன்று ஆண்கள் மூச்சிரைக்க ஓடினால், அறுபத்தேழாம் வருஷத்தில் பார்ப்பவர்களுக்கு இரண்டே சந்தேகம்தான் வரும். திருடிவிட்டு ஓடுகிறார்களா, திருடனைப் பிடிக்க ஓடுகிறார்களா?

"இன்னா மாமே, யாரு தொரத்துறாங்கோ?" என்று எருமை கழுவுகிறவர்கள் கேட்பார்கள்.

"எங்க டாக்டருதான்!" என்பார் ஜம்புலிங்கம்.

அவர் கரையின் கோடியில் டீக்கடை வைத்திருந்தார். தொந்தியைக் குறைக்காவிட்டால் டீயில் சர்க்கரையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்ன மறுநாளே லுங்கியை மடித்துக் கட்டிவிட்டார். சைக்கிள் கம்பெனி துலுக்கானம், சீனாக்காரன் சண்டையின்போது பட்டாளத்தில் சேர ஓடிப் பழகியவன். மார்பளவு போதாதென்று பட்டாளம் திருப்பி அனுப்பிவிட்டது. ஓட்டம் மட்டும் அவனை விடவில்லை.

மூன்றாமவன் உலகநாதன். பகலில் மரவாடியில் வேலை, சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்பு. அம்பத்தூரில் ஒரு கம்பெனி தன் தீயணைப்புப் பிரிவுக்கு வருஷா வருஷம் ஆள் எடுத்தது. போன வருஷம் தேர்வு ஓட்டத்தில் பாதியில் உட்கார்ந்துவிட்டான். அதற்கு முந்தைய வருஷம் பாதிகூட வரவில்லை. இந்த வருஷத்தோடு அவனுக்கு வயசு தாண்டிவிடும். விலாவில் லேசாகப் பிடித்தாலே போதும், 'இது நமக்கு ஒத்துவராது' என்று மனசு முதலில் உட்கார்ந்துவிடும். உடம்பு அதன் பக்கத்தில் போய் உட்காரும்.

அவனை உட்காரவிடாமல் செய்தது ஜம்புலிங்கம் போட்ட சட்டம். ஒருநாள் அவர் கடைசியாக ஓடிவந்து சேர்ந்தபோது, மற்ற இருவரும் அவர் கடையிலேயே, அவர் மனைவி சுசீலா போட்ட முதல் டீயைக் குடித்து முடித்திருந்தார்கள்.

"ஓனரு நாக்கு தள்ளிக்கினு வர்றேன், நீங்க கிளாஸ் கழுவிக்கினு கீறீங்களா?" என்று கத்தியவர், கடைக்கு முன்னால் ஒரு பனந்துண்டை உருட்டிப் போட்டார். கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மூன்று பேரும் சேர்ந்துதான்.

அதன்பிறகு உலகநாதன் நடுவழியில் உட்காரும்போதெல்லாம், தூரத்தில் இரண்டு பேர் டீயில்லாமல் நிற்பது தெரிந்தது. துலுக்கானம் ஷிப்டுக்குப் போகவேண்டியவன். "டேய் மச்சான், உன்னால எங்க சூப்பர்வைசர் என்னைத் திட்றாரு, எய்ந்து வாடா!" என்று குரல் வரும். வெட்கத்தில் எழுந்து ஓடுவான். கொஞ்ச நாளில் உட்காருவதையே மறந்துபோனான். இருந்தாலும் கடைசி ஆள் அவன்தான், இல்லாவிட்டால் ஜம்புலிங்கம்.

தேர்வு நாளன்று துலுக்கானத்துக்கு லீவு கிடைக்கவில்லை. ஜம்புலிங்கம் மட்டும் கடையைச் சுசீலாவிடம் விட்டுவிட்டு வந்தார். மைதானத்தின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு. அதிகாரி விசில் ஊதுவதற்குள் அந்தக் கோட்டைத் தாண்டியவனுக்குத்தான் அடுத்த சோதனை.

கடைசிச் சுற்றில் உலகநாதனுக்கு விலாவில் பிடித்தது. முகம் கோணுவதைப் பார்த்த ஜம்புலிங்கம், "உடாதே நைனா! நானும் வர்றேன் பாரு!" என்று ஓட்டப் பாதையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே கூடவே ஓட ஆரம்பித்தார். அது போதுமாக இருந்தது. உலகநாதனின் கால்கள் பிய்த்துக்கொண்டு போயின. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவனுக்கு முன்னால் யாருமில்லை.

கோட்டுக்கு இரண்டு எட்டு இருக்கையில் அவன் நின்றுவிட்டான்.

நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றித் தூக்கியபடி திரும்பிப் பார்த்தான். ஜம்புலிங்கம் இன்னும் வந்துகொண்டிருந்தார்.

"தாண்டுடா மடையா!" என்று அதிகாரி அலறினார். பின்தங்கியிருந்தவர்களெல்லாம் அவனை விநோதமாகப் பார்த்தபடி கோட்டைத் தாண்டினார்கள். உலகநாதனுக்கும் தாண்ட வேண்டும் என்று தெரிந்தது. கால்களுக்குத்தான் தெரியவில்லை.

ஜம்புலிங்கத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. 'போ, போ' என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இரண்டு கைகளையும் ஆட்டினார். பொறு, இதோ வந்துவிட்டேன் என்கிறார் என நினைத்து உலகநாதன் தலையாட்டினான். அதிகாரி விசிலை வாயில் வைத்தார்.

அதற்குமேல் ஜம்புலிங்கம் ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. மூட்டை உருண்டதுபோல் கயிற்றுக்கு அடியில் புகுந்து வந்து, உலகநாதன்மேல் அப்படியே மோதினார். இருவரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார்கள். விசில் ஒலித்தது.

"இதுல யாருய்யா வேலைக்கு வந்தவன்?" என்றார் அதிகாரி.

உலகநாதன் கையைத் தூக்கினான். அவர் கோட்டைப் பார்த்தார், அவன் கால்களைப் பார்த்தார். கால்கள் கோட்டுக்கு அப்பால்தான் கிடந்தன.

"சரி, எந்திரி. அடுத்தது, ஒரு ஆளைத் தோள்ல தூக்கிக்கிட்டு அந்தக் கொடிக் கம்பம் வரைக்கும் போகணும். அதான் கடைசி. போனா வேலை."

மற்றவர்கள் அதற்குள் வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒல்லியான ஆட்களாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். மிச்சமிருந்தது தரையில் மல்லாந்து கிடந்த ஜம்புலிங்கம் மட்டும்தான்.

உலகநாதன் குனிந்தான். பல்லைக் கடித்துத் தூக்கினான். விலாவில் பிடித்தது, கண் இருட்டியது. நின்றால் இவரைக் கீழே போட வேண்டியிருக்கும் என்பதால் நிற்காமல் போனான். கம்பத்தைக் கடந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"போதும்யா! பாஸ்! எறக்கு அந்த ஆளை!" என்று அதிகாரி கத்தினார்.

தோளின்மேல் அதற்குள் ஜம்புலிங்கத்துக்கு மூச்சு திரும்பியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் தூரம் போவட்டும் சார்," என்றார். "மேல காத்து ஜம்முனு வருது."