மூன்று பூச்சுக்கு அடியில்

குழந்தைகள் நல அலுவலகத்தில், மேசையின் தலைப்பக்கம் தலைமை அலுவலர். அவருக்கு இடப்பக்கம், சன்னலை ஒட்டி, வளர்ப்பம்மா. அவள் மடியில் குட்டி. எதிர்வரிசையில் குட்டியைப் பெற்றவள், பக்கத்தில் அவளுடைய அண்ணன். கதவோரம், ஒரு கால் ஆடும் நாற்காலியில் கள அலுவலர். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று முதலில் குறித்துக்கொள்ளாமல் அவள் எந்தக் கூட்டத்தையும் தொடங்கியதில்லை. அலுவலகத்தில் அதற்கு ஓயாத கேலி. “என்ன மேடம், சினிமா டிக்கெட்டா, சீட்டு நம்பரெல்லாம் போட்டு எழுதறீங்க?” என்பார்கள். சிரித்துக்கொண்டே எழுதுவாள். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வருகிறவர்கள்கூட எங்கே உட்காருவது என்று ஒத்திகை பார்ப்பதில்லை என்பது அவள் கணக்கு.

குட்டியின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. இரவு ஷிப்டுக்குப் போகும்போது, தூங்குகிற பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் பிள்ளை விழித்து அழுத அழுகையில் அக்கம்பக்கம் திரண்டு, புகார் போய், குட்டி வளர்ப்பம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இப்போது அம்மாவுக்குப் பகல் ஷிப்டு. பெயின்டர் வேலை செய்யும் அண்ணனும் துணைக்கு வந்து கூடவே தங்கிவிட்டார். தனிக் கட்டில், சன்னலுக்குக் கம்பி, கறையில்லாத சுவர் என்று அலுவலகம் அனுப்பிய நிபந்தனைகளை எல்லாம் அண்ணனும் தங்கையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல ஒவ்வொன்றாக முடித்திருந்தார்கள். போன வாரம் பிள்ளையை இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அங்கேதான் வந்தது வினை. குட்டி சோற்றைத் தொடவில்லை. அழுதது, தூங்கியது, எழுந்து மறுபடியும் அழுதது. புது விதிப்படி, சோதனைக்கு அனுப்பும்போது பிள்ளை விடாமல் அழுதால் வீடு திரும்புவது அரை வருஷம் தள்ளிப்போகும்.

“அழுதது நிஜம்தானே?” என்றார் தலைமை அலுவலர்.

“நிஜம்தாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன்,” என்றாள் வளர்ப்பம்மா. “திரும்பி வரும்போது மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடந்துது.” சொல்லிவிட்டு எதிரே இருந்தவளைப் பார்க்க முடியாமல் குட்டியின் தலையைக் கோதினாள்.

பெற்றவள் சோப்புநீரில் ஊறி வெளுத்த விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மேசையையே பார்த்திருந்தாள். பெரியவர்கள் பேச்சு சலித்துப்போய்க் குட்டி மடியிலிருந்து வழுக்கி மேசைக்கு அடியில் போனது. ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் பிள்ளையைக் கேட்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனாலும் கள அலுவலர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே குனிந்தாள்.

“கூட்டம் கீழ மாறிடுச்சா? எங்கிட்ட யாருமே சொல்லலையே.”

குட்டி சிரிக்கவில்லை. “அது எங்க வீடு இல்ல,” என்றது.

மேலே தலைமை அலுவலரின் பேனா எழுதத் தொடங்கும் சத்தம் கேட்டது. கள அலுவலர் இன்னும் கொஞ்சம் உள்ளே குனிந்தாள்.

“யாருடி சொன்னா?”

“எங்க வீட்ல யானை இருக்கும். நான் எந்திரிச்சா பக்கத்துலயே இருக்கும். அங்க இல்ல.”

மேலே நாற்காலி ஒன்று பின்னுக்கு இழுபட்டது. “ஐயையோ! நான்தாங்க அந்த யானையக் கொன்னேன்!” என்று குட்டியின் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளில் அடையாளம் போடும் மைப்பேனா ஒன்றை அம்மா எப்போதோ வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். குட்டி அதை எடுத்துப் படுக்கையை ஒட்டிய சுவரில் யானை வரைந்திருக்கிறது. நிபந்தனையிலோ கறையில்லாத சுவர்.

“அது சலவை மை மேடம். கொதிக்கற தண்ணில போட்டாலும் போகாது. ஒரு கோட்டு பெயின்டுக்கு அடங்கல. ரெண்டாவதுலயும் தும்பிக்கையத் தூக்கிட்டு நின்னுச்சு. மூணாவது அடிச்சுத்தான் மூடினேன். பளிச்சுன்னு இருக்குன்னு நீங்களே சொன்னீங்களே!”

வீட்டைச் சோதிக்கப் போன கள அலுவலர் சொன்னாள்தான். சொன்னதோடு ‘சுவர் சுத்தம்’ என்று டிக் வேறு அடித்துவிட்டு வந்தாள். அவளுக்குக் காது சுட்டது.

அப்போதுதான் அம்மா பேசினாள். “ஒண்ணு சொல்லிடறேன் மேடம். மறைச்சு வெச்சா நாளைக்கு நீங்களே வந்து பாத்துடுவீங்க. நேத்துக் காலைல பாத்தேன், காது மட்டும் மறுபடி லேசா தெரியுது. அண்ணன் நாலாவது கோட்டு அடிச்சிடறேன்னு சொல்லிருக்கு.”

மேசைக்கு அடியிலிருந்து ஒரு தலை நீண்டது. “எந்தக் காது?”

“இந்தப் பக்கம் இருக்குமே, அது,” என்று அம்மா தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

குட்டி கொஞ்சம் யோசித்தது. “அதுதான் பெரிய காது,” என்றது.

தலைமை அலுவலர் இருமிக்கொண்டார். “விதில அழுகைன்னுதாம்மா இருக்கு. யானைன்னு இல்ல.”

“எதுக்கு அழுதுதுன்னு கேக்கக் கூடாதுன்னும் இல்லையே சார்,” என்றாள் கள அலுவலர்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. “சரி, எழுதிக் குடுங்க. இன்னைக்குத் தபால்லயே போகட்டும். முடிவு பண்றது குழந்தைகள் நலக் குழு. நான் இல்ல.”

அவள் எழுத உட்கார்ந்தாள். வழக்கப்படி யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதில் தொடங்கினாள். வழக்கத்துக்கு மாறாக, கூட்டம் முடியும்போது யார் எங்கே இருந்தார்கள் என்பதையும் சேர்த்தாள். குட்டி மேசைக்கு அடியில், அம்மாவின் முழங்காலில் மோவாயை வைத்துக்கொண்டு. வளர்ப்பம்மா எதிர்வரிசைக்கே வந்து, அம்மாவுக்கு அடுத்த நாற்காலியில். “ஒத்தக் கால்லதான் சாக்ஸ் போட்டுட்டுத் தூங்குவா, இன்னொண்ணப் போட்டா உதறிடுவா, பாத்துக்க” என்று அவள் சொல்ல, அம்மா புதுச் சேதி கேட்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலி பறிபோன மாமா சுவரோரம் நின்றபடி, அந்தச் சுவரின் பூச்சை நகத்தால் சுரண்டித் தரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுகைக்கான காரணத்தை எழுதினாள். வீட்டுக்கு அனுப்பலாம் என்று பரிந்துரைத்தாள். கடைசியில், சுவருக்கான இடத்தில், ‘யானையின் காது ஒன்று தெரிகிறது, அதன்மேல் பூச வேண்டாம் எனக் குடும்பத்தாருக்குச் சொல்லப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தலைமை அலுவலர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு முத்திரை குத்தினார்.

உறையின் வாயை ஈரப் பஞ்சில் தடவி மடித்து, உள்ளங்கையால் அழுத்தி, தபால்காரரின் பையில் அவளே போட்டாள். விரலில் கோந்து பிசுபிசுத்தது. சன்னலுக்கு வெளியே, வளர்ப்பம்மாவின் கையைப் பிடித்து நின்ற குட்டி இன்னொரு கையால் காற்றில் என்னவோ வரைந்து காட்டிக்கொண்டிருந்தது. அம்மா பக்கத்தில் நின்று பார்க்க, மாமா குனிந்து, வால் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தபால்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார்.