காலி வண்டி எடை

ஆயுசு பூராவும் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளை நிறுத்துவிட்டு ஓய்வு பெற்ற மனிதரிடம் போய், "ரெண்டு கப் மைதா போடுங்க" என்றால் சும்மா இருப்பாரா?

"கப்புங்கிறது ஒரு அளவா?" என்று ஆரம்பித்துவிட்டார். "அமுக்கி அள்ளினா ஒரு எடை, அலுங்காம அள்ளினா ஒரு எடை. எல்லாத்தையும் கிராமுக்கு மாத்தணும்."

மனைவி இடது கையால் தலையில் அடித்துக்கொண்டாள். பாவம், வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. சாயங்காலத்துக்குள் தெருமுனைக் காபிக் கடைக்கு அவளுடைய சாக்லேட் கேக் போயாக வேண்டும். போகாவிட்டால் அந்த ஆர்டர் நாத்தனாருக்கு, அதாவது இவருடைய சொந்தத் தங்கைக்குப் போய்விடும். அவள் ஏற்கெனவே கடைக்காரரிடம் மாதிரி கேக் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அந்த அவமானத்துக்கு இன்னொரு கையும் ஒடிந்திருக்கலாம் என்பது மனைவியின் கட்சி. வேறு வழியில்லாமல்தான் புருஷனைச் சமையலறைக்குள் விட்டாள்.

மகள் வாங்கித் தந்த எலக்ட்ரானிக் தராசைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. காலிக் கப்பை முதலில் நிறுத்தார். "காலி வண்டி எடை எண்பது கிராம்!" என்று அறிவித்தார். பிறகு, மகள் போனில் சொன்னபடி கப் மேலிருக்கும்போதே பொத்தானை அழுத்தினார். திரையில் பூஜ்யம் வந்தது. மனைவி இடது கையால் மைதாவை அள்ளிக் கப்பை நிரப்பினாள்.

"முழங்கையை எடு! டிரைவர் கீழ இறங்கினாத்தான் எடை."

"மேஜை மேலதானே வச்சிருக்கேன்!"

"லாரிக்காரனும் இப்படித்தான் சொல்லுவான்."

திரை நூற்று முப்பது காட்டியது. அதில் காலி வண்டி எண்பதைக் கழித்து, ஐம்பது என்று குறித்துக்கொண்டார். சர்க்கரை, கோகோ, வெண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே மரியாதை. முட்டையை மட்டும் நாலு என்று எண்ணி விட்டுவிட்டார்.

"எடை போடுற இடத்துல ஆள் நிக்கக் கூடாது" என்று மனைவியை வெளியே துரத்தினார். குறித்ததைப் பார்த்துப் பார்த்து, காகிதத்தில் கொட்டி, ஒரு கிராம் பிசகாமல் நிறுத்துக் கலக்கி ஓவனில் வைத்தார். வெளியே வந்தது ஒரு கறுப்பு ஆம்லெட்.

"என்னங்க இது?"

"கேக்."

"இதா? முட்டை நாத்தம் தெருக்கோடி வரைக்கும் வீசுது! உங்க தங்கச்சி மோப்பம் பிடிச்சு வந்துடப் போறா!"

"எடை தப்பாது. இத்தனை நாளா நீ செஞ்சதுதான் தப்பு."

அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கேக்கை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பாள். நேரமில்லை. குறிப்பைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"ஒரு கப் மைதா அம்பது கிராமா? அட கடவுளே! கப்பை வச்சுப் பொத்தானை அழுத்தினா பூஜ்யம் காட்டுதுல்ல? கப்போட எடையை அதுவே கழிச்சிடுச்சு. நீங்க எதுக்கு மறுபடியும் கழிச்சீங்க?"

அவருக்கு மூக்குடைந்தது. எல்லாவற்றிலும் எண்பதைத் திரும்பச் சேர்த்து, மறுபடி நிறுத்து, மறுபடி கலக்கினார். இந்த முறை கேக் ஜம்மென்று உப்பி வந்தது. கடைக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டதுமே ஆர்டர் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவிக்குச் சிரிப்பு. வாசலில் செருப்பைக் கழற்றும்போது சட்டென்று நின்றாள்.

"ஏங்க, உங்க எடைமேடையில கடைசியா ஒரு கம்ப்யூட்டர் வச்சாங்களே. அதுவும் தானா கழிச்சுக்குமா?"

"வண்டி நம்பரைத் தட்டினா ஏதோ கழிக்கும்னு அந்த மெஷின்காரன் சொன்னான். மெஷினை நம்ப முடியுமா? நானும் ஒரு தடவை..."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து, எதிரில் இன்னொரு மேடை காற்று வாங்கிக்கொண்டிருக்க, லாரிகளெல்லாம் இவரிடமே வரிசை கட்டி நின்றன. அதற்குப் பிறகு பாரம் மீறிய வண்டி என்று ஒன்றுகூட இவர் கையில் சிக்கியதில்லை. ஓய்வு பெற்ற அன்று அத்தனை டிரைவர்களும் இவரைக் கட்டிப்பிடித்துத் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

"நான் பாசம்னுல்ல நெனச்சேன்" என்றார்.