தையலுக்கு விடாத துணி

நேரில் என் அண்ணனை ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவேன். இங்கே ‘அவன்’ என்றுதான் எழுதப் போகிறேன். படிப்பவர்களுக்கு ஒரு மாதிரி இருந்தால் இருக்கட்டும். கோபம் அடங்கினால் மரியாதை தானாக வரும். இன்னும் அடங்கவில்லை.

எங்கள் தெருவைப் பார்க்கவென்றே வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். கைக்கடிகாரம், செருப்பு, வாசனைத் தைலம் என்று வாங்கிய பைகளைத் தூக்கிக்கொண்டு, கடைக்குக் கடை கண்ணாடி முன் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அளவு கொடுத்துக் கோட் தைத்துக்கொள்கிறவர்கள் மட்டும் எங்கும் நிற்காமல் தெருவின் மேல்கோடிக்கு வந்துவிடுவார்கள். அங்கே தெருவின் ஒரு பக்கச் சாரி முழுக்கப் பழைய தையல் வீடுகள். கறுத்த மரக்கதவு, பித்தளைக் கைப்பிடி, உள்ளே கம்பளித் துணியின் வாசனை. எதிர்ச்சாரியில் புதிய கடைகள். பழைய சாரியின் நடுவில் எங்கள் கடை. அப்பா போன பிறகு முன்னறை அண்ணனுக்கு என்றும் மாடி எனக்கு என்றும் ஆயிற்று. யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அவன் கீழே நின்றான், நான் மேலே போனேன், அவ்வளவுதான்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் அண்ணனுக்கு இருந்த வாய்க்கு இன்னும் இரண்டு கடை வைத்திருக்கலாம். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, வருகிறவரை ஆளுயரக் கண்ணாடி முன் நிறுத்தி, “சார், உங்க உடம்புக்கு நான் தைக்கணும்னே பொறந்திருக்கேன்” என்பான். அவன் எடுக்கிற அளவில் பாதி தப்பு. நான் மாடிப்படி உச்சியில் நின்று அந்த ஆள் நடப்பதையும் திரும்புவதையும் பார்ப்பேன். எந்தத் தோள் இறங்கியிருக்கிறது, முதுகு எங்கே வளைகிறது என்று கண்ணிலேயே எடுத்துக்கொண்டு, அவன் எழுதிய எண்களைத் திருத்திவிட்டு வெட்டுவேன். கோட் கச்சிதமாக உட்காரும். வாடிக்கையாளர் கீழே அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்குவார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

அவன் மாடிக்கு வரவே மாட்டான். சாக்பீஸ் தூசி மூச்சுக்கு ஆகாது என்பான். தன் கோட்டில் படிந்துவிடும் என்பதுதான் உண்மை. வந்திருந்தால் என் வேலைமுறையில் ஒரு விஷயம் அவன் கண்ணில் பட்டிருக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தடித்த காகிதத்தில் உடம்பின் வடிவத்தை வெட்டி, ஓட்டை போட்டுக் கொக்கியில் தொங்கவிடுவோம். அதற்குப் பேட்டர்ன் என்று பேர். மற்ற கடைகளில் இரண்டு துண்டுகளை இணைத்துத் தைப்பதற்கு வேண்டிய ஓரத்தையும் சேர்த்தே காகிதத்தை வெட்டுவார்கள். அதைத் துணிமேல் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அப்படியே வெட்டிவிடலாம். நான் ஓரம் சேர்க்கமாட்டேன். என் காகிதம் வெறும் உடம்புதான். தடித்த கம்பளி என்றால் வரைந்த கோட்டுக்கு வெளியே கொஞ்சம் அதிகம் விடுவேன், மெல்லிசு என்றால் குறைப்பேன். அதை அந்தந்தத் துணியைத் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். என் பேட்டர்னைச் சுற்றிப் போட்ட கோட்டின்மேலேயே துணியை வெட்டினால் அந்தக் கோட் யாருக்கும் ஆகாது. தைக்கத் துணி இருக்காது.

போன வருஷம் வியாபாரிகள் சங்கம் ‘தெருவின் முதல் கட்டிங் மாஸ்டர்’ என்று ஒரு விருது அறிவித்தது. என் அண்ணனுக்குத்தான். ஒரு பத்திரிகைக்காரப் பெண் பேட்டி எடுக்க வந்தாள். நான் ட்ரையலுக்கு ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தபோது அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

“இந்த வீட்டுல கத்தரி புடிக்கிற கை இது ஒண்ணுதாம்மா.”

அவள் என்னைப் பார்த்து, “இவங்க?” என்றாள்.

“என் தங்கச்சி. மாடியில உக்காந்து பட்டன் தைப்பா.”

கொஞ்சமும் கூசாமல் சொன்னான். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கையிலிருந்த கோட்டைக் கவனமாகப் பொம்மைக்கு மாட்டினேன். பிறகு மாடிக்குப் போய் என் கத்தரியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பேட்டர்ன்களில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அவை கடைக்குச் சொந்தம். தொழில் நியாயம் தெரிந்தவள் நான்.

தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போனேன். அங்கே புதிதாகக் கடை திறந்திருந்த முதலாளியம்மாவுக்குத் தெருவே புதிது. அவர் கடையில் டேப் கிடையாது. வருகிறவரை ஒரு சிறிய அறைக்குள் நிறுத்தினால் மெஷின் சுற்றிவந்து அளவெடுத்துத் திரையில் உடம்பைக் காட்டும். ஆனால் வெட்டும் மேசையை மட்டும் ஷோரூம் கண்ணாடிக்குப் பக்கத்தில், தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி போட்டிருந்தார். அந்த மேசையைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அப்படி ஒரு இடம், அவ்வளவு வெளிச்சம், தெருவே பார்க்க வெட்டுவது.

“எனக்கு அந்த மேசை வேணும்மா. எங்க வீட்டுக் கோட் எல்லாம் நான் வெட்டுனதுதான்.”

அவர் மேசைமேல் கிடந்த பத்திரிகையைத் திருப்பிக் காட்டினார். என் அண்ணன் முழுப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

“தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அண்ணன்தான் வெட்டுறார்னு ஊரே சொல்லுது. நீங்க சொல்றத நம்பி அந்த மேசைய எப்படிக் குடுக்கிறது? ஆல்டரேஷன்ல ஒரு சீட் இருக்கு, உக்காருறீங்களா?”

உட்கார்ந்தேன். பிறர் வெட்டிய பேண்ட்டுகளின் இடுப்பைப் பிரித்துத் தைத்தேன். ஒவ்வொரு தையலுக்கும் அண்ணனை ஒரு வார்த்தை திட்டினேன். பேண்ட்டுகள் தீர்ந்தன, வார்த்தைகள் தீரவில்லை. வெட்ட ஆளில்லாமல் அவன் புது ஆர்டர்களை ‘விருது விழா முடியட்டும்’ என்று தள்ளிப்போடுவதாகக் கேள்விப்பட்டேன். அவன் வாயாலேயே, தெரு முழுக்கக் கேட்க, ‘வெட்டினது இவள்தான்’ என்று சொல்ல வைக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் முதலாளியம்மா விருது விழாவுக்குச் சங்கம் நன்கொடை கேட்பதாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் பேண்ட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன்.

“குடுங்கம்மா. ஆனா மேடையில உங்க மெஷினையும் வெக்கணும்னு கேளுங்க. ஒரு பக்கம் மெஷின் அளவெடுக்கட்டும், இன்னொரு பக்கம் விருது வாங்கற மாஸ்டர் கையால வெட்டிக் காட்டட்டும். பழசும் புதுசும். பத்திரிகை எல்லாம் வரும்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்றே சங்கத் தலைவருக்குப் போன் போட்டார். தலைவர் பழைய சாரியின் பெரிய கடைக்காரர், குண்டூசி மாஸ்டர் என்று தெருவே கூப்பிடும். எந்நேரமும் உதட்டில் நாலைந்து குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே இருப்பார். பேச்சு பாதிதான் வெளியே வரும். நன்கொடைத் தொகையைக் கேட்டதும் அவர் வேறெதுவும் யோசிக்காமல் சரி என்றார். அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். இனி என் அண்ணன் முடியாது என்று எப்படிச் சொல்வான்?

அவன் என்ன செய்வான் என்று எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். அளவெடுத்து வரைய அவனுக்கு வராது. எங்கள் பழைய வாடிக்கையாளர் யாரையாவது கூட்டிவந்து, கொக்கியில் தொங்கும் அவருடைய பேட்டர்னைத் துணிமேல் வைத்துச் சுற்றிக் கோடு போடுவான். சின்னப் பிள்ளையும் செய்துவிடும் வேலை என்று நினைப்பான். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விழா மதியத்துக்கு மேல் சங்கத்து மண்டபத்தில் நடந்தது. தையல் வீட்டுக்காரர்கள், வேலையாட்கள், வீட்டுப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நான் முன்வரிசையில் மேடையை ஒட்டி உட்கார்ந்தேன். மெஷின் ஒரு வக்கீலை அளந்து திரையில் காட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணன் மேடையேறினான். அவன் கூட்டிவந்திருந்ததும் அதே வக்கீலைத்தான், எங்கள் பழைய வாடிக்கையாளர். நல்ல சாம்பல் நிறக் கம்பளியை மேசைமேல் விரித்து, என் பேட்டர்னைச் சுருளிலிருந்து பிரித்து வைத்தான்.

“மெஷின் ஒரு நிமிஷம் பாக்குது. எங்க வீடு இவர இருபது வருஷமா பாக்குது” என்றான்.

மறுபடியும் கைதட்டல். கோடு போட்டான். கோடு நன்றாகவே இருந்தது. கத்தரியை எடுத்தான். அப்போதுதான் அவனுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். தைத்த கோட்டை அவன் வாழ்நாளெல்லாம் தொட்டிருக்கிறான் அல்லவா? இந்தக் காகிதம் கொஞ்சம் சிறியதாக இருப்பதாகக் கைக்குப் பட்டிருக்கும். கத்தரி துணிமேலேயே நின்றது. மேடை ஓரத்துக்கு வந்து, குனிந்து, துணியைச் சரிசெய்கிறவன்போல என்னிடம் கிசுகிசுத்தான்.

“தங்கச்சி… இந்தக் கோட்டுமேலயே வெட்டலாமா?”

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் கண்ணில் பயம் இருந்தது. சின்ன வயதில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் வருமே, அந்தப் பயம். எனக்குப் பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். உள்ளுக்குள் இனித்தது. எழுந்து நின்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

“என்னண்ணே என்கிட்ட கேக்கறீங்க? பட்டன் தைக்கிறவளுக்கு வெட்டறதப் பத்தி என்ன தெரியும்? மாஸ்டர் நீங்க. வெட்டுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தாக வேண்டியிருந்தது. திரும்பிப் போய் வெட்டினான். முதுகு, முன்பக்கம், கை, எல்லாவற்றையும் கோட்டின்மேலேயே வெட்டினான். வெளியாட்கள் கை தட்டினார்கள். தையல்காரர்கள் யாரும் தட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர் நாக்கால் ‘ச்சு’ கொட்டியது எனக்குக் கேட்டது.

குண்டூசி மாஸ்டர் மேடையேறி, இரண்டு துண்டுகளை எடுத்து வக்கீலின் முதுகில் சேர்த்துப் பிடித்தார். ஓரமும் ஓரமும் தொட்டன, அவ்வளவுதான். தைக்க நூலிழை அளவுகூட மிச்சமில்லை. மாஸ்டர் உதட்டிலிருந்த குண்டூசிகளை எடுத்துச் சட்டையில் குத்தினார்.

“அடப்பாவி, கெடுத்தியே! இது உன் தங்கச்சி பேட்டர்ன். அவதான் ஓரம் விட மாட்டாளே!”

 அண்ணன் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். நான் இத்தனை நாளாகக் காத்திருந்த நிமிஷம். ஆனால் எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. மாஸ்டர் சொன்னது காதிலேயே நின்றுவிட்டது. நானும் மேடையேறினேன்.

“மாஸ்டர், என் பேட்டர்ன்ல ஓரம் இருக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என்னம்மா கேள்வி. உங்க மாடிக்கு வந்து வெட்டின துணிய வாங்கிட்டுப் போற தையல் ஆளுங்கதானே எங்களுக்கும் தைக்கிறாங்க. தெருவுக்கே தெரியும்.”

“தெருவுக்கே தெரியுமா? நான்தான் வெட்டறேன்னு?”

“தெரியும்தான். அண்ணன் தங்கச்சிக்குள்ள உள்ளது, அதுல நாங்க எதுக்கு மூக்க நுழைக்கணும்?”

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். இத்தனை நாளும் ஊரை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் ஊர் ஏமாந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் முட்டாள்கள். எனக்கு அவன்மேல் இருந்த ஆத்திரம் ஒரு நொடியில் பத்து மடங்காகி மொத்த மண்டபத்தின் மேலும் பரவியது. இவன் ஒருவன் பொய் சொன்னான். இத்தனை பேரும் தெரிந்தே மேளம் தட்டியிருக்கிறார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

“தெரிஞ்சும் இவருக்கு எப்படி விருது குடுத்தீங்க?”

“கடைக்குன்னு வெச்சுக்கம்மா. யாரு வெட்டுனா என்ன, கோட் உக்காந்தா சரி.”

அதை அவர் எவ்வளவு லேசாகச் சொன்னார் என்பதுதான் என்னை உலுக்கியது. வெகுநாள் பழகிய ஆள்தான் இப்படிச் சொல்ல முடியும்.

“உங்க கடையில யாரு வெட்டுறா மாஸ்டர்?”

அவர் சட்டையில் குத்தியிருந்த குண்டூசிகளை எடுத்து மறுபடியும் உதட்டில் வைத்துக்கொண்டார். என் பார்வை அவர் குடும்பம் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போனது. அவருடைய மருமகள் தலையைக் குனிந்துகொண்டு, வலது கையை இடது கைக்குள் மூடி மடியில் வைத்திருந்தாள். நான் இறங்கிப் போய் அந்தக் கையைப் பிடித்து எடுத்தேன். கட்டைவிரல் அடியில், பெரிய கத்தரியின் வளையம் அழுத்துகிற இடத்தில், தோல் காய்த்துக் கெட்டியாக இருந்தது. எனக்கும் அதே இடத்தில் இருக்கிறது. ஊசி பிடித்தால் அங்கே காய்க்காது.

“எத்தன வருஷம்மா வெட்டுற?”

அவள் மாமனாரைப் பார்த்தாள், பிறகு என்னை. “கல்யாணம் ஆனதுலேர்ந்துக்கா” என்றாள். குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

நான் திரும்பி, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் முதலாளியம்மாவிடம் கேட்டேன்.

“அம்மா, அந்த மேசையில ரெண்டு பேர் நின்னு வெட்ட எடமிருக்கு. எங்கள வேலைக்குப் போடறீங்களா?”

“நாளைக்கே வாங்க. ரெண்டு பேரும்” என்றார் அவர். வியாபாரி, அவருக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது.

மருமகள் எழுந்தாள். தயங்கித்தான் எழுந்தாள், ஆனால் எழுந்துவிட்டாள். அதைப் பார்த்த குண்டூசி மாஸ்டர் மேடையிலிருந்து பதறி ஓடிவந்தார். உதட்டிலிருந்து குண்டூசிகள் தரையில் சிதறின, அதைக்கூடக் கவனிக்கவில்லை.

“ஐயோ, அவளக் கூட்டிட்டுப் போயிடாதம்மா! அவ போயிட்டா எங்க கடையில வெட்ட ஆளே இல்ல!”

சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. தெருவின் தையல்காரர்கள் அத்தனை பேரும், பத்திரிகைக்காரப் பெண்ணும், துண்டுத் துணியைக் கையில் பிடித்த வக்கீலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மருமகள் என் கையை இறுகப் பிடித்தாள். என் அண்ணனிடமிருந்து கேட்க ஆசைப்பட்ட வாக்கியம் கடைசியில் இவர் வாயிலிருந்து வந்தது. எனக்கு அது போதவில்லை. பழைய சாரியில் இன்னும் நாலு கடை இருக்கிறது. நாலுக்கும் மாடி இருக்கிறது.