ஆர்ச்வே ஏற்றத்தில் நின்ற கார்

"பன்னிரண்டு மணிக்கு காரை ஏத்திக்கிட்டுப் போக ட்ரெய்லர் வருது. அதுக்குள்ள உன்னால முடியுமா, முடியாதா?" என்று வாசலிலேயே கேட்டார் செல்லப்பன்.

"வணக்கம் அங்கிள். முடியும். கார் எங்க நிக்குது?" என்றாள் கௌசி.

அவள் குரலில் இருந்த உறுதி அவரைக் கொஞ்சம் திகைக்க வைத்தது. காரை இன்னும் கண்ணால்கூடப் பார்க்காதவள் முடியும் என்கிறாளே! ஆனால் கௌசி அப்படித்தான். ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி இழுக்கும் வண்டிகளை எட்டு வருஷம் பழுது பார்த்தவள். அந்த வேலையை விட்டு, ஹவுன்ஸ்லோ வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வானை நிறுத்தி, அதற்குள்ளேயே பட்டறை வைத்துக்கொண்டாள். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள்தான் அவள் தொழில். லண்டனின் எந்த மூலையில் நின்றாலும் கார் அவளைத் தேடிப் போக வேண்டாம், அவள் வருவாள்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் தார்ப்பாய் மூடி நின்றது கார். அதன் அருகே கம்பளிக் கோட்டும் ஓட்டப் பந்தய ஷூவுமாக ஒரு பெண்மணி. எழுபதைத் தாண்டியவர்.

"நான்தான் அமராவதி. கோயில்ல பிரமிளா உன் நம்பரைக் கொடுத்தாங்க. பசியாறியாச்சாம்மா?"

"ஓம் அன்ரி, சாப்பிட்டன். முதல்ல இவரைப் பாப்பம்."

தார்ப்பாயை இழுத்ததும் கௌசியின் முகம் மலர்ந்தது. கரும்பச்சை எம்.ஜி.பி. இரண்டே இருக்கை, துணிக் கூரை. வயது ஐம்பதுக்கு மேல். உடம்பில் துளித் துரு இல்லை.

"மலேசியாவுல, ஈப்போவுல இருந்து நர்ஸ் படிக்க வந்தப்போ என்கூட வேலை செஞ்ச டாக்டரம்மாகிட்ட வாங்கினது," என்றார் அமராவதி. "அப்போ என் வீட்டுக்காரர் அக்கவுண்டன்சி மாணவர். பஸ்ஸுக்கு நின்னுகிட்டிருந்தார். பாவம்னு ஏத்திக்கிட்டேன்."

"இறங்கவே விடல," என்றார் செல்லப்பன். "இன்னிக்கு வரைக்கும் நான் இந்தக் கார்ல பயணி மட்டும்தான்."

சிரிப்பு அடங்கியதும் விஷயத்தைச் சொன்னார் அமராவதி. வெள்ளிக்கிழமை தோறும் ஆர்ச்வே ரோட்டு ஏற்றத்தில் ஏறி முருகன் கோயிலுக்குப் போவது அவர் வழக்கம். போன நவம்பரில், ஏற்றத்தின் பாதியில் கார் இருமியது, திணறியது, நின்றே விட்டது. பின்னால் வந்த பஸ் பிரேக் அடித்து, ஒரு முழ இடைவெளியில் நின்றது. மழையில், நடுரோட்டில் அவர்.

அதற்குப் பிறகு செல்லப்பன் சரியாகத் தூங்கவில்லை. ஒரு கராஜில் காட்டினார்கள். எஞ்சின் தேய்ந்துவிட்டது, முழுவதும் இறக்கிப் பிரித்தால்தான் உண்டு என்றார்கள். விற்றுவிடுவோம் என்று ஒற்றைக் காலில் நின்றார் செல்லப்பன்.

"நானும் சரின்னுட்டேன்," என்றார் அமராவதி. "கடைசியா ஒரு ஆள் பார்க்கட்டும், அப்பவும் ஏறலைன்னா சாவியை நானே கொடுத்துடுறேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். அந்தக் கடைசி ஆள் நீதான்."

சாவியை அவர் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்ததைக் கௌசி கவனித்தாள். வானின் பின்கதவைத் திறந்தாள். அங்குல அளவு ஸ்பானர்கள் வரிசையாகத் தொங்கின. இந்தக் கார்களுக்கு மில்லிமீட்டர் ஸ்பானர் ஒத்து வராது.

முதலில் ப்ளக்குகளைக் கழற்றி, சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் மீட்டரை வைத்து, அமராவதியை ஸ்டார்ட்டர் போடச் சொன்னாள். ஒவ்வொரு சிலிண்டராக நான்கையும் பார்த்தாள். முள் நான்கு முறையும் உயரே ஒரே இடத்துக்குப் போய் நின்றது.

"எஞ்சின் தேயேல்லை," என்றாள்.

"கராஜ்ல அப்படிச் சொல்லலையே," என்றார் செல்லப்பன்.

"மீட்டர் வைச்சுப் பாத்தவையோ?"

"இல்ல. ஓடவிட்டு, சத்தம் கேட்டாங்க."

"சத்தம் கேட்டு வைத்தியம் பாக்கிறதெண்டால் நான் வான் நிறையச் சாமான் ஏத்திக்கொண்டு திரிய மாட்டன் அங்கிள்."

அடுத்து பெட்ரோல் வரத்தைப் பார்த்தாள். தாராளமாக வந்தது. நெருப்புப் பொறியும் நீலமாக, பலமாக விழுந்தது. எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டர் கம்பியை மெல்ல இழுத்தாள், சீராக ஓடியது. சட்டென்று இழுத்தாள். இருமிற்று. கரும்புகை கக்கிற்று.

"ஏத்தத்துலயும் இதே இருமல்தான்!" என்றார் அமராவதி.

கௌசி எஞ்சினை அணைத்துவிட்டுக் கார்புரேட்டர் பக்கம் குனிந்தாள். இரண்டு கார்புரேட்டர்கள். ஒவ்வொன்றின் தலையிலும் மணியைக் கவிழ்த்த மாதிரி ஒரு கிண்ணம், உள்ளே ஒரு பிஸ்டன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது மேலே எழும்பிக் காற்றுக்கு வழிவிட வேண்டும். விரலால் தூக்கிவிட்டால் "டொக்" என்று விழ வேண்டும். கௌசி தூக்கினாள். அது தூக்கக் கலக்கத்தில் எழுபவன்போல் முரண்டு பிடித்து எழும்பியது. விட்டாள். அப்படியே அந்தரத்தில் நின்றது.

"ஆ!" என்றாள்.

மேல்மூடியைத் திருகி எடுத்தாள். அதோடு வரும் சிறு கம்பியில் மெல்லிய எண்ணெய் வழிய வேண்டும். வழியவில்லை. பாகு நூலாக இழுபட்டது. விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு கணம் கண்ணை மூடினாள். மாதத்துக்கொரு தடவை தன் வீட்டு விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது, எத்தனை தேய்த்தாலும் அடியில் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே பிசுக்கு. அதே வாசம்.

"அன்ரி, உங்கட சாமி அறை விளக்குக்கு என்ன எண்ணெய் விடுறனீங்கள்?"

"நல்லெண்ணெய்தான். ஏன்?"

"உங்கட கார்புரேட்டருக்குள்ளயும் அதுதான் நிக்குது."

அமராவதி மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார். செல்லப்பன் கையிலிருந்த காபிக் கோப்பையை மதில்மேல் வைத்தார்.

"ஏங்க?"

"நீதானே சொன்னே?" செல்லப்பன் குரல் உயர்ந்தது. "உங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்போ, போன்ல. காரை வாரம் ஒருக்கா ஓடவிடுங்க, அந்த மூடியைத் திருகி மெல்லிசான எண்ணெய் கொஞ்சம் விடுங்கன்னு. நீ சொன்ன டின் காலியா இருந்துச்சு. வெளியில மழை. சாமி ரூம்ல புது பாட்டில். மெல்லிசாத்தானே இருந்துச்சு? எண்ணெய்னா எண்ணெய்தானே லா!"

"எவ்வளவு விட்டனீங்கள் அங்கிள்?"

"வழியிற வரைக்கும். குறைச்சலா விட்டா கெட்டுப் போயிடுமோன்னு..."

கௌசியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "காருக்கு எண்ணெய் முழுக்கு வாத்திருக்கிறார் அன்ரி! சீயக்காய் மட்டும்தான் போடேல்லை."

அமராவதியும் சிரித்துவிட்டார். செல்லப்பன் சிரிக்கவில்லை.

"அப்போ அன்னிக்கு இவ பஸ்ஸுக்கு முன்னால நின்னது..." என்று இழுத்தார்.

மழுப்பலாம். ஆனால் கௌசி மழுப்பவில்லை. "ஓம் அங்கிள், இந்த எண்ணெயாலதான். போகப் போக இறுகி, பிஸ்டனைப் பிடிச்சிட்டுது. சம தரையில தெரியாது. ஏத்தத்தில மூச்சு முட்டும். ஆனால் பிசுக்குத்தானே, கழுவினால் போகும். எஞ்சின் தேஞ்சிருந்தால்தான் கவலைப்பட வேணும்."

செல்லப்பன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு கிண்ணங்களையும் கழற்றி, வானின் பின்தட்டில் ஒரு சிவப்புத் துணியிலும் ஒரு மஞ்சள் துணியிலும் தனித்தனியாக வைத்தாள் கௌசி. ஒன்றின் பிஸ்டன் மற்றதன் கிண்ணத்தில் சேராது. மாற்றிப் பூட்டினால் அதுவே புதுப் பழுது. சிவப்புத் துணியில் வேலையைத் தொடங்கியபோதுதான் தெருமுனையில் ட்ரெய்லர் கடகடத்தது.

பன்னிரண்டு ஆக இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இறங்கியவர் யோகலிங்கம், பழைய கார் வாங்கி விற்பவர். தொப்பையும் தோல் ஜாக்கெட்டுமாக வந்து வானுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அட, எங்கட ஹவுன்ஸ்லோ கௌசி! என்ன தங்கச்சி, சந்தையில மரக்கறி பரப்பின மாதிரிப் பரப்பி வைச்சிருக்கிறாய்?"

"வெள்ளெனவே வந்திட்டியள் அண்ணை. இன்னும் நேரம் கிடக்கு."

"ரோட்டு வெறுமையாக் கிடந்தது. எஞ்சின் போன கார் எண்டுதானே சொன்னவை? ஏன் வீணாக் கையை நோகடிக்கிறாய்? அப்பிடியே வாரிக் கூடையில போடு, நான் ஏத்திக்கொண்டு போறன்."

"எஞ்சின் போகலை," என்றார் அமராவதி. "ஏத்தம் ஏறலைன்னா உங்களுக்குத்தான். வாக்கு மாற மாட்டேன். காபி போட்டுத் தரேன், உட்காருங்க."

யோகலிங்கம் காபியோடு வந்து கௌசியின் தோளுக்கு மேலாகப் பார்த்தபடி நின்றார். பெட்ரோலில் நனைத்த துணியால் அவள் பிஸ்டனைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். பழுப்புப் பாகு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, உள்ளே அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது.

"இப்பிடித் தடவிக்கொண்டிருந்தால் பொழுது போயிடும். சாண்ட் பேப்பர் ஒண்டு போட்டு உரஞ்சு. கெதியா முடியும்."

"உரஞ்சினால் காற்று லீக் ஆகும். பிறகு உண்மையாவே உங்கட ட்ரெய்லர்தான் வேணும். அதுக்குத்தானே சொல்லுறியள்?"

"சீ, சும்மா உதவிக்குச் சொன்னனான்," என்று மீசையைத் துடைத்துக்கொண்டார் யோகலிங்கம்.

சிவப்பு முடிந்தது. மஞ்சள் முடிந்தது. பூட்டினாள். வானிலிருந்து சரியான எண்ணெயை எடுத்து இரண்டிலும் அளவாக விட்டாள். பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டாள்.

டொக்.

அடுத்ததையும் தூக்கிவிட்டாள்.

டொக்.

"அன்ரி, ஸ்டார்ட் பண்ணுங்கோ."

எஞ்சின் உறுமியது. கௌசி ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று இழுத்தாள். இருமல் இல்லை, புகை இல்லை. சுத்தமான ஒரு கர்ஜனை எழுந்து அடங்கியது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடிக்கொண்டது.

"நிண்ட இடத்தில கத்துறது பெரிய காரியமோ?" என்றார் யோகலிங்கம். "மேடு ஏற வேணும். நான் பக்கத்தில ஏறி இருக்கிறன். என்னையும் சுமந்துகொண்டு ஏறினால் ஒத்துக்கொள்ளுறன்."

அவர் கதவைத் திறக்கப் போனார். அப்போது படியிலிருந்து எழுந்தார் செல்லப்பன்.

"நகருங்க. நான் ஏறுறேன்."

"நீங்களா?" அமராவதி அவரை ஏறிட்டுப் பார்த்தார். "நவம்பர்ல இருந்து இதைத் தொடவே மாட்டேன்னீங்களே!"

"மறுபடி நின்னா நீ தனியா நிக்கக் கூடாது." சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். "போ."

"அன்ரி, கொஞ்சம் நில்லுங்கோ," என்று குனிந்தாள் கௌசி. "இதமாக ஓட்டாதேங்கோ. பாதி ஏத்தத்தில ஒருக்கா வடிவா அழுத்தி மிதியுங்கோ. தாங்கும்."

"நின்னுட்டா?" என்றார் செல்லப்பன்.

"நிக்காது அங்கிள்."

பச்சைக் கார் தெருவைத் தாண்டித் திரும்பியது. கௌசியும் யோகலிங்கமும் பெரிய ரோட்டு முனைவரை நடந்துபோய் நின்றார்கள். அங்கிருந்து ஏற்றம் முழுவதும் தெரியும். லாரி, வான், பஸ், அவற்றுக்கு நடுவே விரல் அளவில் ஒரு பச்சை.

"சிவப்பு விழுந்திட்டுது!" என்றார் யோகலிங்கம்.

ஆமாம். ஏற்றத்தின் பாதியில் சிக்னல் சிவப்பாகி, கார் நின்றுவிட்டது. சரிவில் நின்று கிளம்புவதுதான் உள்ளதிலேயே கஷ்டம். போதாக்குறைக்குப் பின்னால் ஒரு பஸ்ஸும் வந்து ஒட்டி நின்றது. அதற்கப்பால் பச்சைக் கார் தெரியவில்லை.

"பாவம் மனுசன். உள்ளுக்க என்ன பாடு படுறாரோ," என்றார் யோகலிங்கம். இப்போது அவர் குரலில் வியாபாரம் இல்லை. "நிண்டிட்டா என்ன செய்வாய் தங்கச்சி?"

"நிண்டாலெல்லோ."

சிக்னல் மாறியது. பஸ் அசையவில்லை. ஒரு கணம். இன்னொரு கணம். கௌசி கைகளைக் கட்டியபடியே நின்றாள். பிறகு, போக்குவரத்து இரைச்சலையெல்லாம் கிழித்துக்கொண்டு அந்தக் கர்ஜனை கேட்டது. பஸ்ஸுக்கு முன்னால் இடைவெளி விழுந்தது. வளர்ந்தது. பச்சைக் கார் தனியாகப் பிய்த்துக்கொண்டு ஏறி, கோயிலைத் தாண்டி, உச்சியில் மறைந்தது.

யோகலிங்கம் நீளமாக மூச்சு விட்டார். "மிதிக்கச் சொன்னது நீ. அந்த மனுசி மிதிச்ச மிதி இருக்கே..." என்று தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ர யார்டில ஒரு ட்ரையம்ப் கார் நிக்குது. மூண்டு பேர் பாத்திட்டினம், ஒருத்தராலும் ஏலாமப் போச்சு. திங்கள் வாறியோ?"

"திங்கள் வெம்பிளியில வேலை. செவ்வாய் வாறன்."

"பிரச்சினை என்னெண்டு கேக்கேல்லையே?"

"உங்களைக் கேட்டால் விலை சொல்லுவியள். காரையே கேக்கிறன்."

அவர் வாய்விட்டுச் சிரித்து முடிக்கும் முன்பே எம்.ஜி. இறங்கி வந்து, தெருமுனையில் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றது. துணிக் கூரை மடிக்கப்பட்டிருந்தது. செல்லப்பனின் நரைமுடி எல்லாத் திசையிலும் பறந்திருந்தது.

"யோகலிங்கம், மன்னிச்சுக்கங்க," என்றார் அமராவதி. "வண்டி ஏறிடுச்சு."

"கண்ணால கண்டனே அக்கா. காபிக்கு நன்றி."

"அந்த பஸ் நின்ன இடத்துல மெதுவாப் போன்னு சொன்னேன்," என்று செல்லப்பன் கௌசியிடம் முறையிட்டார். "கேட்கவே இல்ல. பறக்குறா!"

"பயந்திட்டீங்களோ அங்கிள்?"

"பயந்தேன்தான்." மறைக்காமல் சொன்னார். கதவின் கைப்பிடியில் கை வைத்தவர், திறக்காமல் கையை எடுத்துக்கொண்டார்.

"இறங்கலையா?" என்றார் அமராவதி.

"ஏன் இறங்கணும்? சிக்னல்ல நிக்காம ஏறினா எப்படி இருக்குன்னு பார்க்கணும். திருப்பு வண்டியை."