மாடியில் தண்ணீர் கட்டிய நாள்

அன்று மேல் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கே ஒழுகும், எங்கே ஒழுகாது என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுத்தான் ஒவ்வொருவரும் இடம் பிடித்திருந்தார்கள்.

அம்மா கதவோரம் முக்காலியில், அவசரமென்றால் எழுந்து ஓட வசதியாக. கொத்தனார் சுவரில் சாய்ந்து தரையில், தன் வேலைமேல் சந்தேகமே இல்லாதவர்போல் கண்ணை மூடிக்கொண்டு. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும், தங்கையின் கணவரான மாப்பிள்ளை, ஜன்னல் பக்கத்துக் காகிதக் கட்டின்மேல். அண்ணி அறையின் ஒரே நல்ல நாற்காலியில், நட்டநடுவில், மடக்கிய குடையை மடியில் வைத்துக்கொண்டு. பைண்டிங் மேசைக்குப் பின்னால், பழைய ஈரக்கறைக்கு நேர் கீழே, தங்கை.

அண்ணன் வரவில்லை. வெளியூரில் வேலை. ஆனாலும் அந்த அறையில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

தலைக்கு மேலே மொட்டை மாடி முழுக்கத் தண்ணீர். வடிகால் ஓட்டைகளில் சாக்கைத் திணித்து, கணுக்கால் மூழ்கும் அளவுக்கு நிரப்பி, காலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். புதுத் தளம் தாங்குமா என்று மழை வந்து சொல்வதற்குள் தாங்களே பார்த்துவிடுவது என்று திட்டம்.

வீடு அண்ணன் பேரில் இருந்தது. மேல் அறை தங்கையின் பைண்டிங் கடை. கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடுகள், ஆபீஸ் பதிவேடுகள், பள்ளிக்கூட வருகைப் பதிவுகள் எல்லாம் அவள் கைக்குத்தான் வந்து அட்டை போட்டுக்கொண்டு போகும். போன மழைக்காலத்தில் ஓர் அடுக்கு ஆய்வேடுகள் ஊறி, பக்கங்கள் அலை அலையாய் நெளிந்துவிட்டன. பிள்ளைகள் முன்னால் கூனிக் குறுகி நின்றதை அவள் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அண்ணனின் கடிதம் வந்தது. இனி ஒரு சொட்டு விழுந்தாலும் தளத்தைப் பிரித்துத் தகரம் போட்டுவிடலாம், தகரக் கடைக்காரரிடம் பேசியாயிற்று, மழைக்கு முன்னால் தண்ணீர் கட்டிப் பாருங்கள், உன் அண்ணியை அனுப்புகிறேன், அவள் கண்ணால் பார்க்கட்டும், நீ எழுது, அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். போனில் பேசினால் காற்றோடு போகும் என்பது அவர் கட்சி.

தகரத்தின் கீழே பசை தூரிகையிலேயே காய்ந்துவிடும். அட்டை வளைந்து கிண்ணமாகிவிடும். எதிர்வீட்டுத் தகரம் போன புயலில் பறந்து போய் அடுத்த தெருவில் ஒருவர் காரின்மேல் ஏறி உட்கார்ந்ததும் எல்லாருக்கும் தெரியும். தகரம் போட்டால் அறை இருக்கும், அவள் தொழில் இருக்காது.

கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள் அவளே மாடி ஏறிப் பார்த்திருந்தாள். மழை போய்விட்டது, தண்ணீர் போகவில்லை. வடிகாலில் கையை விட்டாள், விரல்தான் நுழைந்தது. சின்ன வயதில் அதே ஓட்டைக்குள் முழங்கை வரை விட்டுப் பந்து எடுத்தது நினைவுக்கு வந்தது. அப்போதுதான் புரிந்தது. ஒழுகும்போதெல்லாம் பழையதன்மேல் புதிதாய் ஒரு படை. அப்பா காலத்தில் சிமெண்டுப் பூச்சு, அதன்மேல் மாமா ஒட்டிய தார்ப்பாய், அதன்மேல் இன்னொரு பூச்சு, கடைசியில் அண்ணன் தன் வெளியூர்ச் சம்பாத்தியத்தில் ஆசை ஆசையாய்ப் பதித்த சிவப்பு ஓடு. கிழிந்த புத்தகத்துக்கு ஒட்டுமேல் ஒட்டுப் போட்டால் அட்டை மூடாது என்று வாடிக்கையாளர்களிடம் தினமும் சொல்பவள் அவள். அவள் தலைக்கு மேலேயே அப்படி ஒரு புத்தகம் இருந்திருக்கிறது. தளம் உயர உயர வடிகால் புதைந்துகொண்டே போனது. தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, அந்த வாட்டமும் போனது. நின்ற தண்ணீர் வெயிலில் வெடித்த கீறல்களைத் தேடிப் பிடித்து உள்ளே இறங்கியது.

எல்லாவற்றையும் கொத்தி எடுக்கச் சொன்னாள். கொத்தனார் தலையைச் சொறிந்தார். "பாதி நான் போட்டதுதான் தங்கச்சி. போடச் சொன்னாங்க, போட்டேன். எடுக்கச் சொன்னது நீ ஒருத்திதான்." அடித்தளம் வரை எடுத்து, கீறல்களை அடைத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு வடிகாலைப் பார்த்து வாட்டம் கொடுத்து, சுவரும் தரையும் சேரும் மூலையை வளைத்துப் பூசி, மேலே வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். அண்ணனின் ஓடுகள் உடைந்து வண்டியேறிப் போயின. அதை அவருக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.

அண்ணி வந்தவுடன் மாடி ஏறினார். வெள்ளைத் தரையைப் பார்த்தார். இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கணவர் பதித்த ஓடுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தங்கைக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அண்ணாந்து பாத்துப் பாத்து கழுத்து பிடிச்சுக்கிச்சு," என்றாள் அம்மா.

"நீங்க பாக்கலன்னா மட்டும் ஒழுகிடுமா அத்தை? கண்ணை மூடுங்க. மேஸ்திரியைப் பாருங்க, குறட்டையே வந்துடுச்சு," என்றார் அண்ணி.

"குறட்டை இல்லம்மா, தைரியம்," என்றார் கொத்தனார், கண்ணைத் திறக்காமல்.

அப்போது மாப்பிள்ளை தன் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி துடைத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, "புழுக்கம்," என்றார்.

"மாப்பிள்ளைக்கு வேர்க்குது, அந்த ஃபேனைக் கொஞ்சம் திருப்பும்மா," என்றாள் அம்மா.

"வேர்வை மேலேருந்து விழாது அத்தை." அண்ணி குடையை நீட்டினார். குடை நுனி காட்டிய இடத்தில், ஜன்னல் மேலே, ஒரு முத்து உருண்டு திரண்டு, நிதானமாய்ப் பிரிந்து, மாப்பிள்ளையின் உச்சந்தலையில் டப்பென்று விழுந்தது.

தங்கை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை பழைய கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒழுகியதோ வேறு இடம்.

"ஒரு சொட்டுன்னுதான் எழுதியிருந்தார்," என்றார் அண்ணி, மெதுவாக.

கொத்தனாரின் தைரியம் எழுந்து நின்றது. "அந்த இடத்துல ஒழுக வழியே இல்ல. மேல என்ன இருக்கு அங்க?"

"மேல நான் அட்டை காயப்போடக் கொடி கட்டுற கம்பம் இருக்கு," என்றாள் தங்கை. "பழைய பஸ் சக்கரத்துல நட்டது. அதுபாட்டுக்கு சும்மா நிக்குது." சொல்லிக்கொண்டே கணவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் சும்மா இல்லை.

"என்னங்க?"

"காத்துல நகருதேன்னு..." மாப்பிள்ளை தலையைத் துடைத்தார். "நாலு போல்ட்டு. சின்னதுதான். உனக்கு அட்டை காயப்போட வசதியா இருக்கட்டுமேன்னு."

"பூச்சு அடிச்ச தளத்தைத் துளைச்சு போல்ட்டு போட்டீங்களா?"

"பஸ்ல இதைவிட பெரிசு போடுவோம்."

"பஸ் மேல யாரும் தண்ணி கட்டி நிறுத்துறதில்ல மாப்பிள்ளை," என்றார் கொத்தனார்.

அம்மா நெற்றியில் கை வைத்தாள். "இந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு மாடியில எதையாவது ஒண்ணை வைக்கலன்னா தூக்கமே வராது. பொறந்தவங்கதான் அப்படின்னு நினைச்சேன், வந்தவரும் அப்படித்தான்."

முதலில் சிரித்தது அண்ணி. குடை மடியிலிருந்து நழுவி விழும் அளவுக்குச் சிரித்தார்.

சாக்கைப் பிடுங்கினார்கள். தண்ணீர் வாட்டத்தோடு ஓடி, இரண்டு வடிகாலிலும் சுழித்துக்கொண்டு இறங்கியது. தங்கை தண்ணீரோடு நடந்து போய்க் கடைசிச் சுழி உள்ளே போகும்வரை பார்த்தாள். எங்கும் குட்டை நிற்கவில்லை. வெயில் நேரத்திலும் வெள்ளைத் தரையில் வெறுங்காலோடு நிற்க முடிந்தது. பழைய சிவப்பு ஓட்டில் காலை வைத்தால் துள்ள வேண்டியிருக்கும். மாப்பிள்ளையே போல்ட்டுகளைக் கழற்றி, சக்கரத்தை முதுகில் சுமந்து தெருவில் இறக்கினார். கொத்தனார் நாலு துளைகளையும் அடைத்து, பூசி, விரிசல் விடாமலிருக்க நூல் வலை ஒட்டி, மேலே மறுபடி பூசினார். காய வேண்டும், பிறகு மறுபடி தண்ணீர் கட்ட வேண்டும். அண்ணிக்கு அன்று மாலையே ஊருக்குப் பஸ்.

அண்ணி கட்டி வைத்திருந்த பையைத் திரும்பப் பிரித்தார். "பாதி பாத்துட்டு எப்படிக் கையெழுத்துப் போடறது? அத்தை, எனக்கும் சேத்து உலை வைங்க."

பூச்சு காய்ந்த பிறகு மறுபடி நிரப்பி, ஒரு பகலும் ஓர் இரவும் நிறுத்தினார்கள். காலையில் அண்ணி நாற்காலியை நகர்த்தி நகர்த்திப் போட்டு, ஏறி நின்று, கூரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கையை முந்தானையில் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

தங்கை கடிதம் எழுத உட்கார்ந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த சொட்டை எழுதணுமா? ஒழுகினது என் துளைதானே, தளம் இல்லையே."

"விழுந்துச்சா, இல்லையா?"

"விழுந்துச்சு. என் தலையிலதான்."

"அப்ப எழுதணும். மறைச்சா, அடுத்த மழையில அவருக்கு என் மேலேயும் நம்பிக்கை போயிடும், தளத்து மேலேயும் போயிடும்."

எல்லாவற்றையும் எழுதினாள். பழைய படைகளை எடுத்தது, அதில் அவருடைய ஓடும் போனது, கேட்காமல் செய்தது தப்பு என்றாலும் கேட்டிருந்தால் அவர் விட்டிருக்கமாட்டார் என்பது, சொட்டு விழுந்த இடம், காரணம், அடைத்த விதம். கீழே இனிமேல் பார்த்துக்கொள்ளும் முறை: மழைக்காலம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் வடிகாலில் கை விட்டு இலையும் மண்ணும் எடுப்பது, கீறல் கண்டால் அன்றே அடைப்பது, வெள்ளைப் பூச்சு மங்கினால் மறுபடி அடிப்பது. கடைசி வரியை அடிக்கோடிட்டு எழுதினாள்: மாடியில் இனி யாரும், எவ்வளவு பாசமாக இருந்தாலும், எதையும் துளைக்கவோ பதிக்கவோ கூடாது.

அண்ணி வாசித்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கீழே இன்னும் இரண்டு வரி எழுதினார்.

"நீங்கள் ஓடு பதித்த அன்றைக்கே வடிகால் மூடுகிறது என்று சொன்னேன், நினைவிருக்கும். தகரக் கடைக்காரரை வரவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்."

தங்கை அந்த வரிகளை வாசித்து நிமிர்ந்தாள். அண்ணி ஜன்னல் வழியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். "வாயால சொன்னா காத்தோட போயிடும்னுதானே சொல்வார்," என்றார். "அதான் எழுத்துல குடுத்துட்டேன்."

தங்கை கடிதத்தை மடித்து உறையில் போட்டாள். தூரிகையைப் பசையில் தோய்த்தாள். அந்தக் காலை வெயிலிலும் பசை காயாமல், இளகி, ஒரே இழுப்பில் உறையின் வாய் முழுக்க வந்தது. மேசைமேல் வைத்து விரலால் அழுத்தி ஒட்டி, தபால்பெட்டியில் போட மாப்பிள்ளையிடம் கொடுத்தாள்.

"நேரா போயி நேரா வாங்க," என்றாள் அம்மா. "வழியில எந்தச் சக்கரத்தையும் பாக்காதீங்க."