சக்கரத்தடிக் கட்டை

அக்காவின் கணவருக்கு எது கெட்டாலும் அடுத்தவன் கைதான் காரணம். அக்காவைத் தன் ஆட்டோமேட்டிக் காரின் பின் இருக்கையில் விட்டுவிட்டு என் பட்டறைக்குள் நுழையும்போதே ஆரம்பித்தார்.

"'பி'யிலேர்ந்து கியர எடுத்தா தடால்னு இடிக்குது. போன தடவ நீ கை வச்சதுலேர்ந்துதான் இப்படி."

ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். கியர் பாக்ஸில் ஒரு கோளாறும் இல்லை. அவர் வீட்டு வாசல் சரிவு. ஹேண்ட் பிரேக் போடாமல் 'பி' என்கிற பார்க்கிங் கியரில் மட்டும் நிறுத்தினால், வண்டியின் மொத்தக் கனமும் உள்ளே விரலளவுக் கொக்கி ஒன்றில் தொங்கும். எடுக்கும்போது இடிக்காமல் கொஞ்சுமா? தொடவே தொடாத ஹேண்ட் பிரேக்கின் கேபிள் துருவேறி இறுகிக் கிடந்தது. புதுக் கேபிள் மாட்டி, பின்சக்கரப் பிரேக்கையும் சுத்தம் செய்தேன்.

"மொதல்ல ஹேண்ட் பிரேக், அப்புறம் 'பி' போடுங்க அத்தான்."

"எனக்கே ஓட்டச் சொல்லித் தர்றியா?"

ஓடுவதைப் பார்க்க நானும் கூடப் போனேன். வாசலில் 'பி'யில் தள்ளியவர், ஹேண்ட் பிரேக்கைத் திரும்பியும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். நான்தான் எட்டி இழுத்தேன். அதற்குள் அக்கா, வலிக்கும் முழங்காலைப் பிடித்தபடி இறங்கி, சக்கரத்தடியில் வைக்க ஒரு மரக்கட்டையோடு குனிந்திருந்தாள். கட்டையைப் பிடுங்கினேன்.

"பிரேக் சரியாயிடுச்சுக்கா. இனி இது வேணாம்."

"குடுடா. இன்னைக்கு நீ இருந்த, இழுத்துட்ட. நாளைக்கு வண்டி உருண்டா என்னைத்தானே கேப்பாரு?"