மாடத்தியின் மூன்றாவது பித்தப்பை

கடையத்து மாடத்திக்கு நிஜமாகவே வயிறு வலித்தபோது யாரும் நம்பவில்லை. நம்பாததில் ஆச்சரியமும் இல்லை. ஆறு வருஷமாக வயிற்றுவலிதான் அவளுக்கு உப தொழில்.

ஒரே தனியார் பல்கலைக்கழகத்துக்குத் தென்காசியில் ஒரு மருத்துவக் கல்லூரி, குற்றாலத்தில் ஒன்று. ஆய்வுக் குழு வருகிற நாளில் கட்டிலெல்லாம் நிறைந்திருக்க வேண்டாமா? வேன்காரர் பேச்சிராஜ் ஊர் ஊராகப் போய் ஆள் ஏற்றி வருவார். கூலி உண்டு, மத்தியானம் பிரியாணி உண்டு, படுத்துக்கொண்டு முனகினால் போதும். வெயிலில் நாற்று நடுவதற்கு இது எவ்வளவோ மேல் என்று மாடத்தியும் போய்வந்தாள்.

முனகலில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனால் இரண்டு கல்லூரியிலும் அவளுக்குப் பெரிய நோயாகவே கொடுத்தார்கள். தென்காசிக் கேஸ் ஷீட்டில் அவளுக்குப் பித்தப்பை எடுத்தாகிவிட்டது. குற்றாலத்துக் கேஸ் ஷீட்டிலும் எடுத்தாகிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கு என்ன தலையெழுத்து?

இந்தச் சாரல் சீசனில் பல்கலைக்கழகம் இரண்டு கல்லூரியையும் ஒன்றாக்கியது. ஆதார் எண்ணை வைத்துக் கம்ப்யூட்டர் எல்லாக் கேஸ் ஷீட்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. அதே வாரம் மாடத்திக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை, காய்ச்சல் வேறு. பழகிய இடமாயிற்றே என்று தென்காசிக்கே போனாள்.

"என்னக்கா, இன்னைக்கு இன்ஸ்பெக்‌ஷன் இல்லையே?" என்றாள் நர்ஸ் ஜெயபிரியா.

"ஏட்டி, நெசமாவே வலிக்குது. உசுரு போவுது."

"முன்னைக்கு இப்ப இன்னும் நல்லா பண்ணுதீங்கக்கா!"

ஆனாலும் பாவம் பார்த்து ஸ்கேனுக்கு அனுப்பினாள். பித்தப்பை நிறையக் கல், உடனே எடுக்கவேண்டும் என்று வந்தது. கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த அம்மாளுக்கு ஏற்கெனவே இரண்டு பித்தப்பை எடுத்தாயிற்று என்றது.

விஷயம் இணைப்புக் கமிட்டிக்குப் போனது. பதினோரு டாக்டர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, மாடத்தியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கதவோரம் நிறுத்தினார்கள். அறுவை சிகிச்சைத் துறைக்கு இதுவரை இரண்டு தலைவர்கள். இனி நாற்காலி ஒன்றுதான். யாருடைய ஆபரேஷன் பொய்யோ அவருக்கு நாற்காலி போய்விடும்.

"நாங்க எடுத்ததுதான் நெசம்" என்றார் தென்காசித் தலைவர் நம்பிராஜன். "குற்றாலத்துக்காரங்க வெறும் பேப்பர்ல எடுத்திருக்காங்க."

"எங்க ஆபரேஷன் தியேட்டர் ரெஜிஸ்டரைக் காட்டவா சார்?" என்று எழுந்தாள் குற்றாலத்துத் தலைவி ஜெயசித்ரா.

மாடத்திக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, ரெண்டு பேருமே எடுக்கலய்யா. அது இங்கனயேதான் கெடக்கு. தயவுசெஞ்சு எடுத்துருங்க."

நோயாளி பேசுவதற்கு அஜெண்டாவில் இடமில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் டீன் மந்திரமூர்த்தி கையை உயர்த்தினார். "ரெண்டு ஆபரேஷனும் நெசம்னே வைப்போம். ஸ்கேனும் நெசம். அப்பம் என்ன அர்த்தம்? பித்தப்பை திரும்பத் திரும்ப முளைக்குது!"

ஒரே கைதட்டல். ஒன்றான கல்லூரியின் முதல் கண்டுபிடிப்பு! ஆராய்ச்சிக் கட்டுரையில் இருவர் பெயரும் வரும். அதுவரை முகம் கொடுத்துப் பேசாத நம்பிராஜனும் ஜெயசித்ராவும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"அப்ப எப்பம்யா எடுப்பீங்க?" என்றாள் மாடத்தி.

"எடுக்கவா? அதுதாம்மா நமக்கு ஆதாரம்" என்றார் டீன். "அடுத்த மாசம் குழு வந்து பாக்கட்டும்."

"அதுவரைக்கும் வலிக்குமே?"

"வலிக்கட்டும். முனகச் சொல்லிக் குடுக்க வேண்டியதில்லை பாருங்க."

மாடத்திக்கு வந்த ஆத்திரத்தில் வலிகூட ஒரு நிமிஷம் மறந்தது. இந்த இரண்டு கல்லூரியும் நிற்பதற்கு எத்தனை நாள் முனகியிருப்பாள்! "நாசமாப் போவீங்கலே" என்று பதினோரு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே வந்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தாள்.

அங்கே நாற்பது பேருக்குப் பின்னால் வரிசை. அவள் முறை வந்தபோது தென்காசி ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினாள். டாக்டர் ஹுஸ்னா அதைப் படித்தபடி நிமிராமலே கேட்டாள். "முன்னாடி ஆபரேஷன் ஏதும் நடந்திருக்கா?"

ஆறு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. "ரெண்டு தடவை பித்தப்பை எடுத்திருக்கு."

ஹுஸ்னா பேனாவைக் கீழே வைத்தாள். மாடத்தியைப் படுக்கவைத்து, சேலையை விலக்கி, வயிற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"ஒரு தழும்புகூட இல்லையேம்மா?"

பதினோரு டாக்டர்களில் ஒருவருக்கும் சேலையை விலக்கி அந்த வயிற்றைப் பார்க்கத் தோன்றவில்லை. மாடத்திக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இது எந்தக் குழுவுக்காகவும் அழுத அழுகையில்லை.

"ஒண்ணும் எடுக்கல டாக்டரம்மா. எல்லாம் அப்படியேதான் இருக்கு."

"சரி, அழாதீங்க. நாளைக்கு எடுத்துருவோம்" என்று சொல்லி ஹுஸ்னா கட்டில் எண்ணை எழுதினாள்.